கோள்

பாட்ஸ்ஃபியூர்டில் இன்றும் விமானம் இல்லை.
பனிப்புயலில் ஓடுபாதை விளக்குகள்
யாருக்கோ எரிகின்றன.
நேற்று எடுத்த ஒரு குழாய் ரத்தம்
ஆஸ்லோவுக்குப் போகக் காத்திருக்கிறது:
என்னுடையது, அதில் கொஞ்சம் உன்னுடையது.

உறைந்துவிடக் கூடாதாம்.
செவிலி ஐலிஃப் அதைக் கம்பளிச் சட்டைக்குள்
அக்குளோரம் செருகிக்கொண்டு
அடைகாக்கும் கோழிபோல் நடமாடுகிறான்.
"இன்னும் சில நாள் தாங்கும், குன்வோர்.
என் மனைவிதான் சிரித்தே செத்துவிடுவாள்."

முன்பெல்லாம் நானே போவேன்.
இரண்டு விமானம், ஒரு ரயில்,
வலது விலாக்களின் நடுவே ஊசி.
மூச்சை அடக்கு என்பார்கள்.
பென்சில் முனை தடிமனில்
உன்னில் ஒரு நூல் எடுப்பார்கள்.
பிறகு மணிக்கணக்காக வலப்பக்கமே படுக்கை.
கடிகாரம் இடப்பக்கச் சுவரில் இருந்தது.

இப்போது ஊசி கையோடு நின்றுவிடுகிறது.
உன் செல்கள் சாகும்போது
தம் எழுத்துகளை என் ரத்தத்தில் உதிர்க்கின்றனவாம்.
அந்தத் தூளை எண்ணுகிறார்கள்.
நூற்றுக்கு மூன்று, நான்கு என்றால் நலம்;
பக்கத்து அறையில் யாரோ
பாத்திரம் கழுவுகிற சத்தம் அவ்வளவுதான்.
கூடினால்,
நான் உன்னை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது.
நன்றிக் கடிதம் எழுதலாம், முகவரி கூடாது.
எழுதினேன். உன் வீட்டாரிடமிருந்து பதில் இல்லை,
எதிர்பார்க்கவும் நியாயமில்லை.
இந்த எண் ஒன்றுதான் உன் தபால்.

அக்டோபரில் பதினொன்று வந்தது.

தொலைபேசியில் மருத்துவர் கேட்டார்:
மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?
போகிறது என்றேன், குரல் நடுங்கவில்லை.
நடுங்கியது கைதான்.
அதுதானே சங்கதி.

ஒரு தொட்டிக்கு நானூறு கொக்கி.
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கானாங்கெளுத்தி.
தொட்டிக்கு இவ்வளவு என்றுதான் கூலி.
உன்னைக் காக்கிற மாத்திரை
என் விரல்களைக் காற்றில் விட்ட துணியாக்கியது.
முதலில் ஒரு மாலை விட்டேன்.
பிறகு ஒன்றுவிட்டு ஒரு மாலை.
விரல்கள் வீடு திரும்பின,
பழைய வேகத்தில், பழைய கர்வத்தில்.

யாருக்கும் தெரியவில்லை.
கண் மஞ்சளாகவில்லை, தோல் அரிக்கவில்லை,
வழக்கமான சோதனைகூட வாய் திறக்கவில்லை.
நீ மட்டும் கோள் சொன்னாய்.

கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.
ஒண்ட வந்தவர் வீட்டுக்காரியைப்
பஞ்சாயத்துக்கு இழுத்ததுபோல.
இரவு வலது விலாவில் கைவைத்துக்கொண்டு
வாய்விட்டே திட்டினேன்.
திட்டி முடித்தபின்தான் உறைத்தது:
அது கோள் இல்லை, செத்துக்கொண்டிருக்கிறவர்
சுவரைத் தட்டுகிற சத்தம்.
ஒருமுறை ஏற்கெனவே செத்தவர்.

மறுநாள் நானே மருத்துவரைக் கூப்பிட்டேன்.
அவர் திட்டவில்லை. மாத்திரையை மாற்றினார்,
மூன்று வாரத்தில் இன்னொரு குழாய் என்றார்.

கைகள் மறுபடியும் ஆடுகின்றன.
முன்பைவிடக் கொஞ்சம் குறைவு என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
தூரா எதுவும் கேட்காமல்
என் தொட்டியைக் காலால் தன் பக்கம் இழுத்து
பாதிவரை கோத்துவிட்டுத் தள்ளுகிறாள்.
வானொலியில் நாளைக்குக் காற்று தணியும் என்கிறார்கள்.
நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

கொக்கி கட்டைவிரலில் ஏறுகிறது.
மீன்துண்டின் மேல் ஒரு சொட்டு.
வழக்கமாக மேலங்கியில் துடைத்துவிட்டு
அடுத்த கொக்கியை எடுப்பேன்.
இன்று விரலை வாயில் வைத்துக்கொண்டு
சற்று நேரம் அப்படியே நிற்கிறேன்.
தூரா பார்க்கிறாள்.
உப்புதான், என்கிறேன்.